பின்னேரப் பள்ளிக்கூடத்துச் சஹன்

பதுர்தீன் சேருக்குக் கத்தரிக்காய் மோஜு இனிப்பாக இருக்க வேண்டும். எங்கள் கரையில் யாரும் அதற்கு அவ்வளவு சீனி போடுவதில்லை. வினாகிரியும் கடுகும் தூக்கலாக இருந்தால்தான் இங்கே அது மோஜு. அவர் கண்டிப் பக்கத்து மனிதர். அவருடைய நாக்குக்குத் தக்கபடி செய்ய நான் பழகிக்கொண்டேன். அது ஒன்றும் கடினமான வேலை இல்லை.

நானே எழுதித் தருகிறேன் என்றதற்கு நீங்கள் முகம் சுளிக்கவில்லை, மெடம். அதற்கு நன்றி. நான் சொல்லச் சொல்ல உங்கள் சார்ஜன்ட் சிங்களத்தில் எழுதி, கீழே கையெழுத்து வை என்று நீட்டியிருந்தால் வைத்திருக்க மாட்டேன். எனக்குச் சிங்களம் வாசிக்கத் தெரியும். தெரிந்தபடியால்தான் சொல்கிறேன். நேற்று என் வாப்பா இங்கே வந்துபோனதும் தெரியும். அவர் என்ன சொல்லியிருப்பார் என்பதும் தெரியும். அவர் சொன்னது பிழை. எப்படிப் பிழை என்பதைச் சொல்ல நான் பள்ளிக்கூடத்திலிருந்து தொடங்க வேண்டும்.

கற்பிட்டி வீதியால் போகிற எவருக்கும் எங்கள் கல்லூரியைத் தெரியும். கடற்களப்பைப் பார்த்த முகப்பு, தடித்த தூண்கள், ஓடு போட்ட பெரிய மண்டபம். நூறு வருடம் கடந்த பள்ளிக்கூடம் என்று எல்லோரும் சொல்லிக்கொள்வார்கள். நானும் அங்கேதான் படித்தேன். ஆனால் அப்படிச் சொன்னால் பழைய மாணவர் சங்கத்துக்காரர்கள் சிரித்துக்கொண்டே திருத்துவார்கள். நான் படித்தது பின்னேரப் பள்ளிக்கூடத்தில்.

தொண்ணூறில் மன்னாரிலிருந்து உடுத்த உடுப்போடு துரத்தப்பட்ட முஸ்லிம் சனத்தின் பிள்ளைகளுக்காக, காலைப் பள்ளிக்கூடம் விட்ட பிறகு அதே கட்டடத்தில் ஒரு பள்ளிக்கூடம் நடந்தது. அதற்கு வேறு பெயர், வேறு அதிபர். நான் பிறந்ததே இந்த மண்ணில்தான். ஆனாலும் வாயில் பல் முளைக்கும் முன்பே நான் அகதிப் புள்ள. காலைப் பிள்ளைகள் வெளியேறும்வரை நாங்கள் மதிலோரம் வெயிலில் நிற்போம். அவர்கள் போனதும் தண்ணீர்ப் பைப்பின் திறப்பைக் கழற்றி எடுத்துக்கொண்டு காவலாளி போவார். நூலகம் பூட்டிக் கிடக்கும். மண்டபத்துக்குள் போகக் கூடாது. கரும்பலகையில் காலை டீச்சர் எழுதிவிட்டுப் போனதை அழிக்கக் கூடாது. மூலையில் மிஞ்சிய இடத்தில் எங்களுக்குக் கணக்குச் சொல்லித் தருவார்கள். வெக்கை தாங்காது என்று என் வாப்பாவும் இன்னும் சில தகப்பன்மாரும் சேர்ந்து பின்பக்கம் கிடுகில் ஒரு கொட்டில் போட்டார்கள். சின்ன வகுப்புகள் அதில் நடந்தன.

என் மேசையில் கொம்பாஸ் முனையால் நுஸ்ரா என்று பெயர் வெட்டியிருந்தது. வருடக்கணக்காக அந்தப் பெயரின் மேல் கொப்பியை வைத்துத்தான் எழுதினேன். யார் அந்த நுஸ்ரா என்று தெரியாது. பிற்காலத்தில் நான் வேலைக்கு வந்தபோது அவள் அங்கே விஞ்ஞான டீச்சர். மேசைக் கதையைச் சொன்னேன்.

“அப்ப என்ட மேசைக்குக் கீழ சுவிங்கம் ஒட்டின கள்ளி நீதானா?” என்று கேட்டுச் சிரித்தாள். “எத்தின நாள் என்ட பாவாட நாசமாப் போன தெரியுமா?”

நானும் சிரித்தேன். சுவிங்கம் வாங்கக் காசில்லாத வீடு எங்களுடையது என்று சொல்லவில்லை.

எத்தாளைப் பக்கத்து எங்கள் குடியிருப்பில் கம்பஸ் முடித்த முதல் ஆள் நான். பட்டம் கிடைத்த அன்று வாப்பா கடலுக்குப் போகவில்லை. அரசாங்கம் என்னை அபிவிருத்தி உத்தியோகத்தர் என்று பெயர் வைத்து அதே கல்லூரிக்கு அனுப்பியது. அந்தப் பதவிக்கு என்ன வேலை என்று கேட்காதீர்கள், யாருக்கும் தெரியாது. டீச்சரும் இல்லை, கிளார்க்கும் இல்லை. டீச்சர்மார் வராத வகுப்பைப் பார்ப்பேன், கடிதம் அடிப்பேன், வந்தவருக்குத் தேத்தண்ணி ஊற்றுவேன். சம்பவம் நடக்கும்வரை அந்தப் பள்ளிக்கூடத்தில் எனக்கென்று ஒரு கதிரை இருக்கவில்லை.

பதுர்தீன் சேர் புது அதிபராக வந்தது போன வருடம். அவர் கெட்ட மனிதர் இல்லை. இதை நான் எழுத வேண்டிய தேவை இல்லை, ஆனால் உண்மை. காலையில் எல்லோருக்கும் முன்னால் வருவார். மலசலகூடத்தைத் தானே எட்டிப் பார்ப்பார். என்னை மகள் என்று கூப்பிடுவார். அது எனக்குப் பிடிக்காது. பெயர் சொல்லிக் கூப்பிட்டிருக்கலாம்.

அவர் வந்த முதல் கிழமை, பள்ளிவாசல்துறை ஊர்க்காரர் ஒருவர் மகனைச் சேர்க்க வந்தார். கையில் ஒரு பை நிறைய உயிர் இறால். சேர் கதிரையோடு பின்னால் போய்ச் சுவரில் முட்டினார். இறால் ஒரு துணுக்கு உள்ளே போனாலும் அவருக்குத் தொண்டை வீங்கி மூச்சு அடைத்துவிடும். ஒரு தரம் கொழும்பில் செத்துப் பிழைத்தவராம். கண்டியில் டொக்டர் எழுதிக் கொடுத்த ஊசி ஒன்றை எனக்குக் காட்டினார். “எனக்கு என்னவும் நடந்தா யோசிக்க வாணாம் மகள், தொடையில குத்துங்க. உடுப்புக்கு மேலாலயே குத்தலாம்.” ஊசி அலுவலக அலுமாரியில் இருந்தது. அலுமாரித் திறப்பு என்னிடம் இருந்தது.

நுஸ்ரா ஆசிரியர் அறையில் இதை வைத்து நல்லாக் கூத்தடித்தாள். “கடலுக்குப் பக்கத்துல இறாலுக்குப் பயந்த அதிபர். இனி புள்ளைகளுக்கு லீவு வேணுமெண்டா பொக்கட்டுல ரெண்டு இறால் போட்டுக்கொண்டு வந்தாச் சரி.”

அதற்குப் பிறகு பள்ளிக்கூடத்தில் என்ன விசேஷம் நடந்தாலும் சேரின் சாப்பாட்டைப் பார்ப்பது என் பொறுப்பானது. இங்கே மோஜுவுக்கும் சம்பலுக்கும் கூனி இறாலை வறுத்து இடித்துப் போடுவார்கள். அதனால் அவருக்கு மட்டும் என் வீட்டிலிருந்து தனியாக ஒரு கிண்ணத்தில் கொண்டுவருவேன். மூடியைத் திறக்கும் முன் என் முகத்தைப் பார்ப்பார். நான் தலையாட்டினால் சாப்பிடுவார். ஆதிலா பார்த்தால் போதும் என்று எல்லோரிடமும் சொல்வார்.

அவருடைய திட்டம் பெரியது. இடிந்துகொண்டிருந்த மண்டபத்தின் கூரை, நூலகம், ஆய்வுகூடம் எல்லாவற்றையும் பழைய மாணவரைக் கொண்டே கட்டுவது. கட்டாரிலும் லண்டனிலும் இருந்தவர்களை எல்லாம் தேடிப் பிடித்தார். அவர்களை மறுபடி ஒன்றாக உட்கார வைத்தால் மற்றது தானாக நடக்கும் என்றார். அதற்கு அவர் கண்ட வழி சஹன். உங்களுக்குச் சஹன் தெரியுமோ தெரியாது. ஒரு பெரிய வட்டத் தட்டில் சோற்றைக் குவித்து, சுற்றிவர ஆறு பேர் உட்கார்ந்து, ஒரே தட்டில் கை வைத்துச் சாப்பிடுவது. அதில் மூத்தவர் இறைச்சியையும் கறியையும் மற்றவர்களின் பக்கம் தன் கையால் தள்ளி வைப்பார். வைத்ததை மறுப்பது மரியாதை இல்லை. பழைய மாணவர் தினத்தன்று ஒவ்வொரு ஆண்டு வகுப்புக்கும் ஒரு சஹன், அதன் முன்னால் அந்த ஆண்டு எழுதிய பலகை. நல்ல யோசனை. நானும் அப்படித்தான் நினைத்தேன்.

விழா மலருக்குக் கல்லூரியின் வரலாற்றை எழுதும் வேலையை அவர் என்னிடம் தந்தார். யாருக்கும் ஏலாமல் போனதால்தான் என்னிடம் வந்தது, அது வேறு விஷயம். மாதக்கணக்காக அலைந்தேன். படுக்கையில் கிடந்த பழைய டீச்சர்மாரிடம் போனேன், பள்ளிவாசல் கணக்கப்பிள்ளையிடம் போனேன், உடப்பிலிருந்து இங்கே வந்து படித்த ஒரு கோயில் ஐயாவையும் தேடிப் போனேன். எழுதி முடித்தேன். கடைசி அத்தியாயம் பின்னேரப் பள்ளிக்கூடம்.

மலர் அச்சாகி வந்தபோது கடைசி அத்தியாயம் இல்லை. மீதி எல்லாம் நான் எழுதியபடி, ஒரு காற்புள்ளி மாறாமல் இருந்தது. தலைப்பின் கீழே சங்கச் செயலாளர் முபாரிஸின் பெயர் இருந்தது.

சேரிடம் போய்க் கேட்டேன்.

“அது வேற பள்ளிக்கூடம் மகள்” என்றார். “இலக்கம் வேற, அதிபர் வேற. அதை இதுக்குள்ள போட்டா கல்வி வலயத்துல இரிந்து கேள்வி வரும்.”

“நான் எழுதினதுக்கு முபாரிஸ் நானாட பேர் வந்திரிக்கி சேர்.”

“மலருக்குச் செயலாளர்ட பேர் போறதுதானே முறை. ஒங்களுக்குக் கடைசிப் பக்கத்துல நன்றி போட்டிரிக்கிம். அதோட நீங்க டீச்சரும் இல்லதானே.”

குரலை உயர்த்தவில்லை. தேத்தண்ணி குடித்தீர்களா என்றுகூடக் கேட்டார். கடைசிப் பக்கத்தைப் பார்த்தேன். ‘கல்லூரி ஊழியர் அனைவருக்கும் நன்றி’ என்று இருந்தது.

நான் அழவில்லை. மதிலோரம் நின்று வளர்ந்தவர்களுக்கு அது சீக்கிரம் விட்டுப் போகும். எங்களைப் போல எத்தனை நூறு பிள்ளைகள் அந்தக் கட்டடத்தில் படித்தார்கள், அவர்களுக்காக யாராவது ஒருவர் ஏதாவது செய்ய வேண்டும் என்று தோன்றியது. நான் செய்தது எல்லாம் அவர்களுக்காகத்தான். அதை இங்கே தெளிவாக எழுதி வைக்கிறேன்.

மோஜு செய்து இரண்டொரு நாள் வைத்தால்தான் ருசி ஏறும். கத்தரிக்காய் எங்கள் வளவில் உம்மா நட்டது. நீட்டாக நறுக்கி, மஞ்சள் உப்புப் பிரட்டிப் பொரித்தேன். கூனியை வறுத்து, இடித்து, துணியில் சலித்தேன். சலித்த தூள் கடுகோடு சேர்ந்தால் கண்ணுக்குத் தெரியாது. சீனியைக் கூட்டினேன்.

உம்மா கிணற்றடியிலிருந்து குரல் கொடுத்தா. “கூனி வாசமொண்டு வருதே. அந்த சேருக்கு ஆகாதெண்டியே புள்ள?”

“இது நமக்குச் சம்பலுக்கு உம்மா” என்றேன்.

அன்று இரவு சம்பலும் இடித்தேன். உம்மாவுக்கு நான் பொய் சொல்வதில்லை.

விழா நாளில் மைதானம் முழுக்கப் பந்தல். சமையல் உசனார் நானா. ஊரில் எந்தக் கந்தூரி விருந்துக்கும் அவருடைய சட்டிதான் ஏறும். ஒவ்வொரு சஹனிலும் நெய்ச்சோறு, மாட்டிறைச்சி, கோழி, அச்சாறு, பொது மோஜு. ஆண்டுப் பலகைகள் வரிசையாக நின்றன. தொண்டு கிழவர்கள் தங்கள் பலகையைத் தேடித் தேடிப் போய்ப் பிள்ளைகளைப் போல உட்கார்ந்தார்கள். பார்க்க நன்றாகத்தான் இருந்தது. முன்வரிசையில் பலகை இல்லாமல், பொது மோஜுவும் வைக்காமல் இருந்த சஹன் அதிபருடையது. என் கிண்ணத்தை அதில் வைத்துவிட்டுப் பரிமாறும் மேசைப் பக்கம் ஒதுங்கினேன்.

அப்போதுதான் வாப்பாவைக் கண்டேன். வெள்ளைச் சாரன், வெள்ளைத் தொப்பி. அவரோடு கொட்டில் போட்ட மற்றத் தகப்பன்மாரும் வந்திருந்தார்கள். நான் கிட்டப் போனேன்.

“நீங்க எப்பிடி வாப்பா இங்க?”

“சேர்தான் போன்ல கூப்பிட்டாரு. மகளுக்குச் சொல்லாதீங்க, அவ பார்க்கட்டும் எண்டாரு” என்றார். பல் தெரியச் சிரித்தார். “சாரன் சரியா இரிக்கிதா?”

சரியாக இருக்கிறது என்றேன்.

சேர் ஒலிவாங்கியை எடுத்தார். “இந்தப் பள்ளிக்கூடத்துல பின்னேரத்துல இன்னொரு பள்ளிக்கூடம் நடந்திச்சி. மலருல அதைப் போட எனக்கு ஏலாமப் போயிட்டு. அது என்ட பயந்தான். அதனால இண்டைக்கி என்ட சஹன் பின்னேரப் பள்ளிக்கூடத்துட சஹன். அவங்களுக்குக் கொட்டில் கட்டின கையோட நான் சாப்பிடுறன்.”

சனம் கைதட்டியது. வாப்பாவும் மற்றவர்களும் வந்து அவருடைய தட்டைச் சுற்றி உட்கார்ந்தார்கள். வாப்பாதான் மூத்தவர்.

இந்த இடத்தில் நீங்கள் வாசிப்பதை நிறுத்தி யோசிப்பீர்கள், மெடம். நானும் யோசித்தேன். எல்லோருக்கும் சொந்தச் சஹன், சொந்தப் பலகை. எங்களுக்கு மட்டும் அவருடைய தட்டில் மிச்ச இடம். கொடுத்தவர் பெரியவராகிவிட்டார், வாங்கியவர் தொப்பியைச் சரிசெய்துகொண்டு உட்கார்ந்திருந்தார். ஆனாலும் நியாயமாகச் சொல்ல வேண்டும். நான் போனேன். கிண்ணத்தில் கை வைத்தேன். வேறு மோஜு கொண்டுவருகிறேன், இது புளித்துவிட்டது என்று சொல்ல வாயையும் திறந்தேன்.

சேர் இன்னும் பேசிக்கொண்டிருந்தார். “கடைசியா, நம்மட வரலாற்ற இவ்வளவு அழகா எழுதித் தந்த சகோதரர் முபாரிஸுக்கு...”

முபாரிஸ் எழும்பி நெஞ்சில் கை வைத்துக் குனிந்தான். கைதட்டல் முந்தியதைவிடப் பெரிதாக இருந்தது.

நான் கிண்ணத்தை நேராக்கி வைத்தேன்.

கை கழுவத் தண்ணீர் சுற்றி வந்தது. சேர் உட்கார்ந்தார். வழக்கம்போல என் முகத்தைப் பார்த்தார்.

“எப்பிடி மகள், பார்த்ததா?”

“ஓம் சேர். நான்தான் செஞ்ச. சாப்பிடுங்க.”

வாப்பா கிண்ணத்தைத் தன் பக்கம் இழுத்தார். “எங்கட வளவுக் கத்தரிக்கா சேர். புள்ள ஒங்களுக்கெண்டே செஞ்ச” என்று சொல்லி, ஒரு கை அள்ளி சேரின் பக்கம் தள்ளி வைத்தார். சேர் அதைச் சோற்றோடு பிசைந்தார். இனிப்பு சரியாக இருக்கிறது என்றார். மற்றவர்களும் அதையே சாப்பிட்டார்கள். எங்கள் கரைச் சனத்துக்குக் கூனி ஒன்றும் செய்யாது.

அவர் தொண்டையைப் பிடித்தபோது முதலில் எலும்பு சிக்கியதாக நினைத்தார்கள். வாப்பா முதுகில் தட்டினார். நுஸ்ராதான் பெண்கள் பக்கத்திலிருந்து ஓடி வந்து கத்தினாள்: “ஆதிலா, ஊசி! ஊசி எங்க?”

எடுத்து வருகிறேன் என்றேன்.

மைதானத்திலிருந்து அலுவலகம் தூரமில்லை. நான் ஓடவில்லை, நடந்தேன். மண்டபத்துக்குள்ளால் போனால் கிட்ட. சின்ன வயதில் அதற்குள் போகக் கூடாது என்று சொல்லியிருந்தார்கள் அல்லவா, அதனால் சுற்றிப் போனேன். அலுமாரியைத் திறந்தேன். ஊசியைக் கையில் எடுத்தேன். ஜன்னலால் பார்க்கும்போது அவரை வான் வண்டியில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். வான் கேற்றைத் தாண்டும்வரை நின்றேன். பிறகு ஊசியை அதே இடத்தில் வைத்துப் பூட்டினேன். இப்போதும் அங்கேதான் இருக்கும். ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேரும் முன்பே மௌத்தாகிவிட்டார் என்று அஸர் தொழுகைக்குப் பிறகு செய்தி வந்தது.

நுஸ்ரா என்னைக் கட்டிப்பிடித்து, “ஒனக்குக் கையும் காலும் ஓடியிரிக்காது பாவம்” என்று அழுதாள். விசாரணையில், பொது மோஜுக் கரண்டி மாறி விழுந்திருக்கலாம் என்று முடிவாகி, விபத்து என்று எழுதினார்கள். உசனார் நானாவை இப்போது யாரும் கந்தூரிக்குக் கூப்பிடுவதில்லை. அதை நான் எதிர்பார்க்கவில்லை. சேரின் பெயரை மண்டபத்துக்கு வைத்தார்கள். அதை எதிர்பார்த்தேன்.

வாப்பா அன்று விடியற்காலை இறால் வலைக்குப் போய்விட்டுத்தான் விழாவுக்கு வந்திருந்தார். சவர்க்காரம் போட்டுக் கழுவிய கைதான். ஆனாலும் இறால் இழுத்த தன் கையால் எடுத்து வைத்ததுதான் சேரைக் கொன்றது என்று வாப்பாவின் மனதில் விழுந்துவிட்டது. அன்றிலிருந்து கரண்டியால் சாப்பிடுகிறார். எங்கள் பரம்பரையில் கரண்டி பிடித்துச் சோறு தின்றவர் கிடையாது. போன கிழமை ஒரு கலியாண வீட்டில் சஹனில் உட்காரச் சொன்னார்கள். கையை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு வெளியே போய்விட்டார். “நான் கழுவினன்தானே மகள்? நீ பார்த்தாய்தானே?” என்று கேட்டுக்கொண்டே இருப்பார். கழுவினீங்க வாப்பா என்பேன். அவர் நம்புவதில்லை. கடைசியில் உங்களிடம் வந்து, என்ட கைதான் செய்தது, என்னைப் பிடியுங்கள் என்று நின்றிருக்கிறார். ஒரு வாக்குமூலமும் எழுதி எடுத்தீர்களாம், அவர் பெயரில்.

வாப்பாவைக் காப்பாற்றவே நான் எழுதுகிறேன் என்று நீங்கள் நினைக்கலாம். நினையுங்கள், நல்லதுதான். ஆனால் அவர் செய்தது ஒரு கை அள்ளித் தள்ளி வைத்தது மட்டும். கத்தரிக்காயை நறுக்கியது நான். கூனியை இடித்துச் சலித்தது நான். கிண்ணத்தை நேராக்கி வைத்தது நான். சாப்பிடுங்க என்றது நான். ஊசியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றது நான். பதுர்தீன் சேரைக் கொன்றது நான்தான், வேறு யாருமில்லை.

மேலே, முதல் தாளின் தலைப்பில் என் முழுப் பெயரையும் அதன் பக்கத்தில் பட்டத்தையும் எழுதியிருக்கிறேன். நீதிமன்றத்துக்குத் தட்டச்சு செய்து அனுப்பும்போது அதை மட்டும் விட்டுவிடாதீர்கள்.